பல்லுக்கு

கிளினிக் கொப்பியை
இன்சூரன்ஸ் உறைக்குள் சொருகி
மோட்டச்சைக்கிள் சீற்றுக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான்
தெல்லிப்பழைக்கு வெளிக்கிடுவேன்.
கந்தோரில் சொன்னது: பல்லுக்கு.
ஒரு வருசமாய்ப் பல்லுக்கு.
"உங்களுக்கு இன்னும் எத்தினை பல்லு மிச்சம்?"
ஸ்டோர்ஸ் பிறேமினி கேட்க
எல்லாரும் சிரித்தார்கள், நானும்.
நேரத்துக்குச் சிரிக்க
இப்போது எனக்கு நல்ல பழக்கம்.

வீட்டில் ஆளுக்கொரு மருந்து.
விடிய எழும்பி ஓடு என்றான் மச்சான்.
விடிய எழும்புவதுதானடா வருத்தம்.
மாமி சனிக்கு எள்ளெண்ணெய் எரித்தா.
சுகிர்தா ஒன்றும் கேட்கவில்லை,
"தங்கச்சியின்ரை சம்பந்தம் முடியுமட்டும்
குளிசையை அலுமாரிக்குள்ள வையுங்கோ"
என்றதைத் தவிர.

ஸ்காபரோவில் இருந்து அக்கா:
"பங்கருக்குள்ள கடதாசி விளையாடிச் சிரிச்சனியடா நீ.
இப்ப கரண்ட் இருக்கு, காப்பெற் றோட்டு இருக்கு,
இப்ப என்னடா உனக்கு?"

அதுதான் அக்கா, எனக்கும் விளங்காதது.
செல் கூவினால்
எந்தப் பக்கம் விழுந்து படுக்கிறதென்று தெரியும்.
இது கூவுவதில்லை.
சேட்டின் மூன்றாம் பொத்தானில் கை வைத்தபடி
அரை மணித்தியாலம் நிற்கப் பண்ணும்.
அவ்வளவுதான்.

போன மார்கழி. மழை.
வாங்கில் எனக்குப் பக்கத்தில்
கொக்குவில் தொடங்கிக் கோண்டாவில் மட்டும்
மதில் மதிலாய்ச் சிரித்துக்கொண்டிருக்கிற
கணிதம் ஜெயறூபன் சேர்.
என்ரை மகன் அவரிடம்தான் ரியூசன்.
மடியில் கொப்பி, என்னுடையதன் அதே நிறம்.
கூரைத் தண்ணி விழுவதை
இரண்டு பேரும் கவனமாய்ப் பார்த்தோம்.
"பல்லுக்கு வந்தனான்" என்றார்.
"நானும்."
பல்லுக்குக் காட்டுகிற இடம் அடுத்த கட்டிடம்.
இலக்கம் கூப்பிடுமட்டும் வேறு கதையில்லை.
போகும்போது குடையை
மறந்தாரோ, எனக்கென்று விட்டாரோ, தெரியாது.

நேற்று மச்சாளின் கலியாணம்.
நானூறு சனம், தலைக்கு மேலே ட்ரோன் கமெரா.
இலையில் வடை விழுகிற நேரம்
தோளில் ஒரு கை.
"பல்லு எப்பிடி?"
சபை நடுவில், சத்தமாய்.

"ராவிலதான் சேர் கொதி."
"எனக்கு விடியப்புறம்."

பக்கத்து இலைக்காரர் நிமிர்ந்து
"கராம்பு வைச்சுக் கடியுங்கோ" என்றார்,
மெய்யான அக்கறையோடு.
சேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
மதிலில் இருக்கிற சிரிப்பில்லை.
முன்பல்லு ஒன்று கோணல் அவருக்கு.
போஸ்டரில் அதை
நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள்.