பிரசவங்கள்: எண்ணிக்கை

ஷுவான்வெய் மலைப்பக்கம்
நிலக்கரி வெட்டும் சிற்றூர், மூன்றாவது வீடு.
பெயர்: பூ யின்மெய். வயது: அறுபத்து மூன்று.
வலது நுரையீரல், மேல்மடல்.
புகைபிடிக்கும் பழக்கம்: இல்லை.
மூங்கில் குழாயில் நீர் கொப்பளிக்க
இழுத்துக்கொண்டிருந்த கணவர்
"எனக்கு ஒன்றுமில்லையே" என்று சிரித்தார்.
அவரை யாரும் கேட்கவில்லை.

அறை நடுவில் குழியடுப்பு.
புகைபோக்கி வைத்தது தொண்ணூற்றாறில்.
அதற்கு முந்தைய ஐம்பது வருடமும்
உத்தரத்தில் தாராய் உறைந்து கிடக்கிறது.
கீழே தொங்கும் பன்றித்தொடை
புகை குடித்துக் குடித்துச் சிவந்திருந்தது.
"இறைச்சிக்குப் புகை நல்லது" என்றாள்.

அடுப்பைப் பற்றிய பக்கங்கள் முடிந்தன.
இனி உடம்பு.
ஒரே மலை, ஒரே கரி, ஒரே புகை.
இவளுக்கு ஏன், அடுத்த வீட்டுக்காரிக்கு ஏன் இல்லை?
ஈஸ்ட்ரோஜன் மீது ஒரு சந்தேகம் உண்டு
எங்கள் ஆய்வுக்கூடத்தில்.
அது தட்டினால் திறக்கும் கதவுகள்
நுரையீரலிலும் இருக்கின்றன.
ஆகவே கேட்கிறேன்:
பூப்பெய்தியபோது வயது?

வயது தெரியாது அவளுக்கு.
பொதுச் சமையற்கூடத்து அண்டாக்களைக்
கவிழ்த்துவிட்டுப் போன வருடம் தெரியும்.
மரப்பட்டை தின்ற குளிர்காலம் தெரியும்.
"அக்காவுக்குப் பதினாலில் வந்தது.
எனக்கு வர, உடம்பில் என்ன இருந்தது?
மறுபடி சோளம் விளைந்து
ரெண்டு அறுவடை தின்ற பிறகு வந்தது."
இருவருமாய் விரல்விட்டு எண்ணினோம்.
படிவத்தில் இரண்டே கட்டம்.
ஒன்று. ஏழு.

பிரசவங்கள்?
"மூன்று" என்றார் கணவர்,
குழாயிலிருந்து வாயெடுக்காமல்.
எழுதினேன்.
கருத்தடை?
"வளையம்" என்றாள்.
எடுத்தாயிற்றா?
"யார் எடுப்பது?"
நோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறதென்று
போன மாதம் எடுத்த படத்தில்
அடிவயிற்றில் வெள்ளையாய் ஒரு வட்டம்.
எதை விழுங்கினீர்கள் என்று கேட்டானாம்
மீசை முளைக்காத டாக்டர்.
சிரித்தாள். சிரிப்பு இருமலாகி
வெகுநேரம் நீடித்தது.
எனக்குள்ளும் ஒன்று இருக்கிறது, செம்பில்.
சொல்லவில்லை.

கரி தீர்ந்தது.
கணவர் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.
காலடி தேயும்வரை
இடுக்கியால் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தாள்.
பிறகு
"நாலு" என்றாள்.

எண்பத்திரண்டு. ஏழு மாதம்.
டிராக்டரில் ஏற்றிப் போனார்கள்.
"ஊசி போட்டால் சத்தமில்லாமல் வந்துவிடும் என்றார்கள்.
அழுதது.
ரெண்டு தரம்."

உயிரோடு பிறந்தவை இந்தப் பத்தியில்,
மற்றவை அந்தப் பத்தியில்.
பயிற்சியின்போது இதற்கு ஒரு மதியம் ஒதுக்கினார்கள்,
எடுத்துக்காட்டுகளோடு.
பேனா நடுவில் நின்றது.
அவருக்குத் தெரியுமா என்று நான் கேட்காமலே
"அவருக்குத் தெரியும்.
வாயில் வராது" என்றாள்.

பிறகு அவள் என்னைக் கேட்டாள்:
"பிள்ளை பெற்றால் இந்த நோய் கூடுமா, குறையுமா?"
சிலர் கணக்கில் குறைகிறது.
சிலர் கணக்கில் ஒன்றுமே இல்லை.
எங்கள் விடை இப்போதைக்கு
ஒன்று என்ற கோட்டின் இருபுறமும்
காலை அகட்டி நின்றுகொண்டிருக்கிறது.
இதை எந்தப் பேச்சில் சொல்ல?
"தெரியாது" என்றேன்.
"சரி. தெரியவரும்போது
அதையும் சேர்த்து எண்ணுங்கள்."

வாசலில் கூடையை இறக்கும் ஓசை.
மூன்றை அடித்தேன்.
அடித்த இடத்தில் கையெழுத்து வேண்டும், விதி.
போட்டேன்.
சாம்பலுக்குள்ளிருந்து ஒரு உருளைக்கிழங்கை
என் பக்கம் உருட்டிவிட்டாள்.
தோலெல்லாம் கரி. உள்ளே வெள்ளை.
கை மாற்றி மாற்றி
ஊதி ஊதித் தின்றேன்.