பந்தாயம்

மருதானைப் பாலத்தால் இறங்கினால்
இடப்பக்கம் மூன்றாவது கதவு எங்கள் புக்கி.
பச்சைக் கண்ணாடி, பகலிலும் ட்யூப்லைட்.
ஊழியர் பந்தயம் கட்டக்கூடாதென்று
சுவரில் மூன்று மொழியில் எழுதியிருக்கிறது.
தமிழில் மட்டும் அது ‘பந்தாயம்’.
நாலு வருடமாய் அதற்குக் கீழேயிருந்து சீட்டு எழுதுகிறேன்,
திருத்தச் சொல்லி ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

பின்னேரம் இங்கிலாந்துக் குதிரைகள்.
சனிக்கிழமையென்றால் உதைபந்து.
ஓட்டோவை நடைபாதையில் அரைவாசி ஏற்றிவிட்டு
தாஹிர் நானா ஐந்நூறை நீட்டுவார்:
“தங்கச்சி, நீலத்துக்கும் சிவப்புக்கும் சமன் எண்டு போடு.
சண்டை இல்லாம முடியட்டும்.”

எங்கள் குடும்பத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு.
செத்தவீடு, பிறந்தநாள், அதற்குப் பிறகு கோல்.
லண்டனில் சுகிர்தன் பஸ்ஸில் நின்றபடியே
அடுத்த கோர்னர் ஆருக்கென்று கட்டுகிறான்.
கடன் அட்டை மட்டும் அங்கே செல்லாதாம்,
சொந்தக் காசில்தான் அழியவேண்டுமாம்.
டொரண்டோவில் மதிவதனிக்கு
முந்தி ஒற்றை ஆட்டத்துக்குக் கட்ட விடமாட்டார்கள்,
இரண்டு மூன்றைச் சேர்த்தே கட்டவேணும்.
“சீதனம் மாதிரி” என்று எழுதினாள்,
“வீட்டைக் கேட்டால் நகையும் சேர்ந்துதான் வரும்.”
இப்போது சட்டம் மாறிவிட்டது,
தனி ஆட்டத்திலும் தோற்கலாம்.
சென்னையிலிருக்கும் சின்ராசு மாமா
பேப்பர் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்பார்,
பார்த்தாலும் சொல்லமாட்டார்.

தோஹாவில் பிரதாபன்.
ஓர் அறை, எட்டுப் பேர், நாலு அடுக்குக் கட்டில்.
அரங்கத்துப் புல்லுக்குக்கூடக் குளிர்காற்று விடும் ஊர்,
பந்தயம் என்ற சொல்லுக்கு மட்டும்
அங்கே காற்றே இல்லை.

போன சனி, கடை பூட்ட அரைமணி இருக்க
அவன் எழுதினான்:
அக்கா, சிவப்பு. இரண்டுக்கு ஒன்று. ஆயிரம் போடுங்கோ.
சம்பளம் வந்ததும் அனுப்புறன்.
பலகையைப் பார்த்தேன். எட்டரை மடங்கு.
சுவரையும் பார்த்தேன்.
கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு
சீட்டு எழுதாமல் இருந்தேன்.
தோற்பான், ஆயிரம் மிஞ்சும்,
பிறகு சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான்.

கொட்டாஞ்சேனையில் இரவு ஒன்றரை.
அவனுக்குப் பதினொரு மணி,
மதிவதனி மத்தியானச் சாப்பாட்டுக் கோப்பை கழுவுகிற நேரம்.
தொண்ணூற்றிரண்டாம் நிமிடம், ஒன்றுக்கு ஒன்று,
சிவப்புக்குப் பெனால்டி.
கோல் முதலில் லண்டனில் விழுந்தது.
சுகிர்தன் கத்தி எழுதிவிட்டான்;
என் கைபேசியில் அந்தப் பெடியன்
இன்னும் பந்தை வைத்துக்கொண்டு நிற்கிறான்.
உதைக்காதே ராசா என்றேன்
எப்போதோ உதைத்து முடித்தவனிடம்.

அந்தப் பதினைந்து செக்கனுக்குள்
உரிமம் இல்லாத புக்கி ஆனேன்.
கவுண்டர் இல்லை, பலகை இல்லை, வரி இல்லை,
ஒரே ஒரு வாடிக்கைக்காரன்,
அவனும் கட்டவே கூடாத நாட்டில்.
எந்த ஊர்ப் பொலிஸ் என்னைப் பிடிக்கவேணும்?

விடிய எழுதினான்: அக்கா, எடுத்திட்டீங்களா?
நல்லகாலம், போயா.
நிலவு முழுதானால் இந்த ஊரில்
இறைச்சிக்கும் சாராயத்துக்கும் எங்களுக்கும் பூட்டு.
கடை பூட்டு, நாளைக்கு என்று எழுதினேன்.
இவ்வளவு நேரத்தில் நான் எழுதிய
ஒரே உண்மை.

எட்டாயிரத்து ஐந்நூறு.
பின்னேரம் காதிலிருந்ததைக் கழற்றி
உள்ளங்கையில் வைத்து நிறை பார்த்தேன்.
அடகுக்கடையும் நாளைக்குத்தான்.
வெளியே எங்கேயோ பிரித் ஓதுகிறார்கள்.
குழுவில் பிரதாபன்
பிரியாணிப் படம் போட்டிருக்கிறான், எட்டுக் கோப்பை,
கடனுக்கு வாங்கினது,
என்னை நம்பி.