வெறும் நல்லெண்ணெய்

நவம்பர். தாம்பெரெ நகரில் மூன்றரைக்கே விளக்குப் போட்டுவிடுகிறோம்.
மைனஸ் இருபது டிகிரிப் பெட்டிக்குள் கைவிட்டு
ஹாம்ஸ்டரின் மூளையைச் சீவுகிறேன்,
மயிரிழையை நாலாகப் பிளந்த கனத்தில்.

நாற்பத்தொன்றாம் எண்.
முப்பது நாள், நாளுக்கொரு ஊசி,
நல்லெண்ணெயில் கரைத்த ஸ்டீராய்டு.
கூண்டுக்குள் விருந்தாளியாய் விட்ட சிறுசைப்
பத்து நிமிடத்தில் பதினேழு தடவை கடித்தது.
நாற்பத்திரண்டுக்கு வெறும் நல்லெண்ணெய்.
அது மோந்து பார்த்துவிட்டு
கன்னத்தில் பருப்பை அதக்கிக்கொண்டு
படுக்கப் போய்விட்டது.

என் தம்பி வெய்யோவின் குளியலறை அலமாரியில்
ஷேவிங் நுரைக்கும் தலைவலி மாத்திரைக்கும் நடுவே
பழுப்புக் குப்பிகள்.
"உடம்புக்குத்தானே போடுகிறேன், தலைக்கா?" என்பான்.
கழுத்தில் சோதனைச் சாவடி இருப்பதாக
ரத்தத்துக்கு யார் சொன்னது?

பாடப்புத்தகத்தில் பூட்டும் சாவியும் வரைந்திருப்பார்கள்.
இது கதவைத் தேடுகிற ஆளில்லை.
கொழுப்பில் கரைவது, சுவர் வழியாகவே வந்துவிடும்.
உள்ளே சும்மா மிதக்கும் ஏற்பியைக் கைப்பிடித்து
உட்கருவுக்குள் கூட்டிப்போகும்.
எந்தப் பக்கத்தை உரக்கப் படிப்பது,
எதை மூடிவைப்பது,
எல்லாம் அங்கே முடிவாகும்.
நாளாக ஆக அந்தக் கைகள் பெருகும்.
"போதும், விடு" என்று செரோடோனின் சொல்வதைக்
கேட்கும் காதுகளோ குறைந்துகொண்டே வரும்.
பிலிமில் பார்த்தேன்:
கறுத்திருக்க வேண்டிய இடம், நாற்பத்தொன்றில்
வெளிறிக் கிடந்தது.

செப்டம்பரில், பாலத்து முனையில்,
கார்க் கண்ணாடியில் உரசிவிட்ட ஒரு பையனின் சைக்கிளை
வெய்யோ தலைக்குமேல் தூக்கி ஆற்றில் போட்டான்.
பையன் ஓடவில்லை.
ஹெல்மெட்டைக் கழற்றி அவனிடமே நீட்டினான்,
இதையும் போட்டுவிடு என்பதுபோல.

அன்றிரவு என்னிடம் கேட்டான்:
"நான் முன்னாலேயே இப்படித்தானே, இர்யா?"
எனக்குப் பதில் வரவில்லை.
எண்ணெய் மட்டும் ஏற்றிய இன்னொரு வெய்யோ
எந்தக் கூண்டிலும் இல்லை,
ஒப்பிட்டுப் பார்க்க.

நிறுத்தி ஆறு வாரமாகிறது.
திரை இழுத்த அறையில் சோபாவோடு சோபாவாகக் கிடக்கிறான்.
தானே சுரந்ததையும் உடம்பு மறந்துவிட்டது.
பந்தி விரித்திருக்கிறது.
பரிமாற ஆளில்லை.

சீவிய துண்டு கத்திமேல் சுருளாமல் நிற்கிறது.
கண்ணாடித் தகட்டை அருகில் கொண்டுபோய்
பின்பக்கம் கட்டைவிரலை வைத்தால் போதும்,
அந்தச் சூட்டுக்கே உருகி ஒட்டிக்கொள்ளும்.
அழுத்தினால் கிழியும்.

நாலே முக்கால்.
கையுறையைக் கழற்றிவிட்டு அவனுக்கு அடிக்கிறேன்.
ஏழாவது மணியில் எடுக்கிறான்.
"என்ன?"
"ஒன்றுமில்லை" என்கிறேன்.
அவன் வைக்கவில்லை.