இரண்டு ஏ கடன்

ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது பீச்வொர்த்தில்.
இரண்டு மணி நேரமாகும் என்றான் மெக்கானிக்.
எந்தப் பெயருக்கு பில்?
கனகசபாபதி, என்றேன்.
'கனக்' என்று எழுதிக்கொண்டான்.

எதிரே கருங்கல் கட்டடம், பழைய அச்சகம்.
நுழைவு ஐந்து டாலர். பெய்த மழைக்கு அது அதிகமில்லை.
உள்ளே மண்ணெண்ணெய் வாசனை,
சிங்கப் பாதம் வைத்த இரும்பு எந்திரம்,
தொடாதே என்று ஒரு கயிறு.
தொடலாம் என்றாள் மார்னி, காதுமடலில் மையோடு.
செவ்வாயும் வெள்ளியும் மட்டும் இங்கே;
மற்ற நாளெல்லாம் பல் மருத்துவர் வாசலில் டோக்கன் கொடுக்கிறாளாம்.

பெயரை அச்சடித்துத் தருவதும் அந்த ஐந்து டாலரில் அடக்கம்.
எழுத்தெழுத்தாகச் சொன்னேன்,
வங்கிக்கும் கரண்ட் கம்பெனிக்கும் சொல்லிச் சொல்லி
ராகமாகவே ஆகிவிட்டதை:
கே ஏ என் ஏ ஜி ஏ எஸ் ஏ...
கட்டை எழுத்துகளைத் தலைகீழாக அடுக்கிக்கொண்டே போனவள்
பி-யை வைத்ததும் நின்றாள்.
அறை காலி.

'இந்த அளவில் நாலு ஏ-தான். இன்னும் எத்தனை?'

இரண்டு.

தமிழில் என்றால் ஒன்றுகூடக் கேட்டிருக்க மாட்டேன்.
அகரம் மெய்யின் வயிற்றுக்குள்ளேயே படுத்திருக்கும்,
க-வைக் கூப்பிட்டால் கூடவே எழுந்து வரும்.
இதை அவளிடம் எங்கிருந்து தொடங்குவது.
'கனக்' போதும் என்றேன்.

பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும் என்று
ஆளிடம் சொல்லுமுன் பார்க்கிற பார்வை ஒன்று பார்த்தாள்.
சுவரோரம் போனாள்.
அங்கே இரும்புச் சட்டத்துக்குள் முடுக்கிய ஏல அறிவிப்பு,
ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்றிலிருந்து
யாரும் அவிழ்க்காதது.
சாவி போட்டுத் திருகினாள்.
'விற்பனை'யிலிருந்து ஒன்று,
'பெட்டைக் குதிரைகளி'லிருந்து ஒன்று.

கைப்பிடியை நானே இழுத்தேன்.
பதினைந்து எழுத்தும் ஒரே வரியில்,
கடைசி இரண்டு ஏ மட்டும் கொஞ்சம் வெளிறி.
திருப்பி வைக்க வேண்டாமா என்றேன்.
வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்றாள்,
அதுவரை குதிரைகள் எங்கே போய்விடும்?

எண்ணூற்றுப் பத்து டாலர் பில்.
மெக்கானிக் காட்டிய சின்னக் கோட்டில்
ஈரத்தாளை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி
முழுசாக எழுதினேன்.
தொகையின் மேல் ஏறிவிட்டது
கடைசி ஒய்.