நான்கு கிலோ அறுநூறு

துர்க்கு துறைமுகத்துக்கும் ஸ்டாக்ஹோமுக்கும் நடுவே
இரவுதோறும் போய்வரும் கப்பலில்
ஏழாம் தளத்து நடன அரங்கில்
பதினோரு வருடமாக வாசிக்கிறேன்.
இரவுக்கு நான்கு சுற்று.
டாங்கோ, ஹும்ப்பா,
பிறகு பிறந்தநாள்காரர் கேட்பது எதுவோ அது.

போன நவம்பரில் இடது தோள் சொன்னது:
போதும், சினிக்கா.
மருத்துவர் எலும்புப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
தினமும் என்ன தூக்குகிறீர்கள் என்றார்.
நான்கு கிலோ அறுநூறு.
குழந்தையா?
குழந்தை என்றால்
இதற்குள் இறங்கி நடந்திருக்கும்.

என் ஒற்றைக் கொம்பன்.
மகோகனி உடம்பு, மேப்பிள் முகம்.
ஒரு சுரத்தை மீட்டிவிட்டு
காப்பி குடித்துத் திரும்பினாலும்
அங்கேயே நிற்கும்,
கடன் கொடுத்தவன் வாசலில் நிற்பதுபோல.
ஆனால் பதினாறாம் ஃப்ரெட்டுக்கு அப்பால்
கழுத்து உடம்போடு சேரும் இடத்தில்
ஒரு மரக் குதிகால்.
கட்டைவிரல் அங்கே
சுவரில் முட்டிய ஆடு.

கப்பல் பழுதுபார்க்கும் வாரத்தில்
இல்போவின் கடைக்குப் போனேன்.

முதலில் இரட்டைக் கொம்பன்.
வயிறு படும் இடத்தில் குடைந்திருந்தார்கள்
முழங்கை படும் இடத்தில் சீவியிருந்தார்கள்
என் உடம்பின் குறைகளெல்லாம் தெரிந்த யாரோ
இரவில் உட்கார்ந்து செய்ததுபோல.
மூன்று கிலோ நானூறு.
சுவிட்சை இடையில் நிறுத்தினால்
தண்ணீர்க் குவளைகள் உரசும் ஒலி.
ஆனால் வால்யூம் திருகு
என் சுண்டுவிரல் துள்ளும் இடத்திலேயே.
பாட்டின் நடுவே
நானே என் வாயைப் பொத்திக்கொண்டேன்.
சும்மா இருக்கும்போதும் ஒரு ரீங்காரம்,
குளிர்பெட்டியோடு குடித்தனம் நடத்துவதுபோல.

டெலி வெறும் பலகை.
விளிம்பு விலாவில் குத்துகிறது.
ஆனாலும் பாலத்தருகே ஒரு சுண்டு சுண்டினால்
கடைசி மேசையில்
விவாகரத்துப் பேசுபவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள்.

வி வடிவம்:
உட்கார்ந்தால் தொடையிலிருந்து வழுக்கும்.
நின்றால் அழகு.
எனக்கு ஐம்பத்து மூன்று.
நின்றால் மட்டும் அழகான பலவற்றை விட்டாயிற்று.

அரைக்கூடு ஒன்று இருந்தது, செர்ரி நிறம்.
அணைத்து மீட்டினால்
காதுக்கு முன்பே விலா எலும்புக்குத் தெரிகிறது.
இதுதான் என்று நினைத்தேன்.
ஆம்ப்பைக் கொஞ்சம் ஏற்றியதும்
குறைகுடம் கூத்தாடத் தொடங்கியது.
கடையின் நாய் எழுந்து
வெளியே பனிக்குப் போய்விட்டது.

இல்போ ஒன்றும் சொல்லவில்லை.
என் பழைய தோள்வாரை மட்டும்
இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து
இது வாரா, கயிறா என்றான்.
அகலமான தோல்வார் ஒன்றைப்
பில்லில் சேர்த்துக்கொண்டான்.

இரட்டைக் கொம்பனோடு முதல் இரவு.
தோள் பாடியது.
முதல் சுற்றில் தவறே இல்லை,
இரண்டாவதில் சிரித்துக்கொண்டே வாசித்தேன்.
மாதம் ஒருமுறை வந்து
தனியாகவே ஆடிவிட்டுப் போகும் கௌக்கோ
மேடையோரம் வந்து கேட்டார்:
பழைய கிட்டார்க்காரிக்கு உடம்பு சரியில்லையா?

நான்காம் சுற்றில் தீவுகள் தீர்ந்து
திறந்த கடல் வந்தது.
தளம் சாய்ந்தது.
மூன்று கிலோ நானூறும் நானும்
மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டோம்.
அப்போதுதான் புரிந்தது
பதினோரு வருடமாக
எது என்னைத் தரையில் வைத்திருந்ததென்று.

இப்போது மூன்று சுற்றுக்கு இது.
கடைசி வால்ட்ஸுக்கு
பெட்டியைத் திறந்து அதை எடுக்கிறேன்,
புது வாரில்.
ஒரு சுரம். அது நிற்கிறது.
கௌக்கோ கைகளை விரித்து
இல்லாத தோளில் வைக்கிறார்.
கப்பல் சாய்கிறது, நான் சாயவில்லை.

மருத்துவரிடம்
மூன்று கிலோ நானூறு என்று
சொல்லிவைத்திருக்கிறேன்.