மூன்றாவது வளையம்

வெருலத்தில் குழாய் செத்து
அன்றோடு பதினேழு நாள்.
எங்கள் வீட்டுப் பின்னால் நின்றது பச்சை ஜோஜோ தொட்டி,
கூரை மழையைக் குடித்துக் குடித்துப்
பிள்ளைத்தாய்ச்சி போல.
காலையில் ஒருமுறை, படுக்கப்போகையில் ஒருமுறை
விரல்முட்டியால் தட்டிப் பார்ப்பேன்.
டொங்கென்றால் காற்று.
தொம்மென்றால் தண்ணீர்.
முந்தின ஞாயிறு கீழிருந்து ஏழாவது வளையத்தில்
குரல் மாறியது. அன்றைக்கு ஐந்தில்.

கணக்கு இடித்தது.
எங்கள் இருவருக்கும் நாளைக்கு நாற்பது லிட்டர்,
அதற்குமேல் ஒரு செம்புகூட இல்லை.
குழாய்க்கு நானே போட்ட பித்தளைப் பூட்டு.
சாவி என் இடுப்பில்,
ஆலயச் சாவியோடு ஒரே வளையத்தில்.

சபையில் என் ஊழியம் சின்னது:
மாதத்தின் முதல் ஞாயிறு
திருவிருந்துக் கிண்ணங்களில் சாறு ஊற்றுவது.
நாற்பத்திரண்டு கிண்ணம், ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம்.
இருபத்தாறு வருஷத்தில்
வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விழுந்ததில்லை.
‘அண்ணன் கை தராசு’ என்பார் பாஸ்டர் கோவெண்டர்.
அதைக் கேட்டு நான் தலைகுனிவது
தாழ்மையால் அல்ல, சிரிப்பை மறைக்க.

சரிவுக்குக் கீழே, கரும்பு முடிகிற இடத்தில்
தகர வீடுகள்.
அத்தனை பேருக்கும் இருந்ததே ஒரு குழாய்.
முதல் வாரம் ஒரு பெண்
வாசல் கம்பியைப் பிடித்து நின்றாள்.
தாண்டேகா என்று பெயர், பிறகுதான் தெரியும்.
கையில் பெயிண்ட் வாளி.
‘அமான்ஸி’ என்றாள்.
முனிசிபாலிட்டி லாரி நாளைக்கு வருமாம் என்றேன்,
இங்கிலீஷில், மரியாதையாக.
லாரி வரவில்லை.
வராது என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

கசிவு என்று முடிவு செய்தேன்.
டார்ச்சோடு தொட்டியைச் சுற்றி மண்டியிட்டு
மூட்டுக்கு மூட்டு சிலிகான் பூசினேன்.
அந்த வாரம் நான் அதிகம் மண்டியிட்டது அங்கேதான்.
மண் காய்ந்தே கிடந்தது.
தொட்டியோ இறங்கிக்கொண்டே போனது.

புதன்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம்.
மின்வெட்டு. சோபாவில் நெருக்கிக்கொண்டு ஐந்து பேர், தரையில் எட்டு,
நடுவில் சோலார் விளக்கு.
முடிவு ஜெபம் என்னிடம் வந்தது.
நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.
விதவைகள், பரதேசிகள்,
தாகத்தோடிருக்கும் யாவரும் என்ற இடத்துக்கு வந்தபோது
பின்பக்கம்
வாளியின் அடியில் தண்ணீர் விழும் சத்தம்.
முதலில் தடதட,
அப்புறம் நிரம்ப நிரம்ப மெல்லிசாக.

இடுப்பைத் தொட்டேன். சாவி இருந்தது.
ஒரு கண்ணை மட்டும் திறந்தேன்.
சலாச்சி உட்கார்ந்திருந்த இடத்தில்
அவள் வேதாகமம், அதன்மேல் மூக்குக்கண்ணாடி.

பூட்டு வாங்கினால் இரண்டு சாவி தருவார்கள்.
இதை மறந்தவன்
தராசுக் கைக்காரன்.

நான் தேடிய கசிவு என் மனைவி.

ஆமென் எப்போது சொன்னேன், சொன்னேனா, நினைவில்லை.
பின்வாசலில் போய் நின்றேன்.
ஐந்தாறு வாளி, ஒரு குழந்தைக் குளியல் தொட்டி,
தாண்டேகாவின் மகன் கையில் கோக் பாட்டில்.
சலாச்சி ஜூலுவில் ஏதோ கேட்க
அவன் வாய் பொத்திச் சிரித்தான்.
முப்பத்தொன்பது வருஷம் ஒரே கட்டில்,
இவளுக்கு ஜூலு தெரியும் என்று எனக்குத் தெரியாது.

நியாயம் நிறைய இருந்தது என் வாயில்.
மழை எப்போது, நாளைக்கு நமக்கு யார் தருவார்,
என்னிடம் ஒரு வார்த்தை...
அவள் நிமிரவில்லை.
‘இதைக் கொஞ்சம் பிடிங்க, முதுகு போகுது’ என்றாள்.

பிடித்தேன்.
பாட்டிலின் வாய்
திருவிருந்துக் கிண்ணத்தைவிடச் சின்னது.
இருட்டு. பையன் வேறு ஆட்டினான்.
தண்ணீர் மணிக்கட்டில் வழிந்து
முழங்கைக்கு ஓடி
செருப்பை நனைத்தது.

‘ஐயோ மனுஷா, சிந்துறீங்களே,
பார்த்து ஊத்துங்க.’

இருபதாம் நாள் இரவும் தட்டினேன்.
மூன்றாவது வளையம்.
பயமாகத்தான் இருக்கிறது.
கழற்றிய பூட்டு சட்டைப்பையில் கனக்கிறது.
எங்கே வைப்பதென்று
இன்னும் கேட்கவில்லை அவளிடம்.