பூநாரைகளை மல்லாந்து பார்த்தல்

காலை நாலரைக்கு
நான் எழுவதில்லை, எழுப்பப்படுகிறேன்.
இடுப்புக்கடியில் யாரோ
சிமெண்ட் குழைத்து ஊற்றிவிட்டுக்
காய்ந்ததா என்று தட்டிப் பார்க்கிறார்கள்.

முதலில் இடப்பக்கம் புரள வேண்டும்.
பிறகு முழங்கை ஊன்றி.
பிறகு கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம்,
செம்பூர்ப் பால்வண்டி கிரேட் இறக்கும் சத்தம் கேட்டபடி.
அருமைநாதன் கை நீட்டுவதில்லை.
முதல் வருடம் நீட்டினார், நான் கத்தினேன்.
இப்போது விளக்கைப் போடாமல்
வெந்நீர் மட்டும் போட்டு வைக்கிறார்.

ஒன்பது வருடம் இதற்குப் பெயரே இல்லை.
பிள்ளை பெற்ற இடுப்பு, அப்படித்தான் என்றார் ஒருவர்.
மெத்தையை மாற்றச் சொன்னார் இன்னொருவர்.
மாற்றினோம்.
கால்சியம், கழுத்துப்பட்டை, உளுந்தங்களி,
வேலையில் ஏதாவது மனக்கஷ்டமா?
கடைசியில் ஒரு கண் சிவந்து, வெளிச்சம் கத்தியாகி,
சயானில் கண் பார்க்கிற சின்னப் பெண்தான் கேட்டாள்:
காலையில் முதுகு விறைக்குமா?
அழுதுவிட்டேன்.
சொட்டு மருந்து எரிகிறது என்று நினைத்திருப்பாள்.

எக்ஸ்ரேயில் கழுத்தெலும்புகள்
ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு விடவில்லை.
மூங்கில் மாதிரி என்றார் டாக்டர்.
மூங்கில் வளையுமே என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன்
தோசை மாவுக்கும் தயிருக்கும் நடுவே
ஃபிரிட்ஜில் இருக்கும் ஊசியை வெளியே வைப்பேன்.
குளிர் விட அரை மணி நேரம்.
அதற்குள் சட்னி அரைத்துவிடலாம்.
தொடையில் குத்திப் பத்துவரை எண்ணுவது
மராத்தியில்.
தமிழில் எண்ணினால் வலிக்கிறது.
ஏனென்று கேட்காதீர்கள்,
விலையையும்.

ஹார்பர் லைனில் எழுந்து இடம் தருகிறார்கள்.
வேண்டாம் என்கிறேன். உட்கார்ந்தால் இறுகும்.
வடாலா தாண்டியும் கைப்பிடியில் தொங்கியபடி
குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்குகிறேன்.
என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைக்கும் ஒருத்தி
தினமும் என் இடத்தில் உட்கார்ந்து
நன்றாகத் தூங்குகிறாள்.

யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால்
தலை மட்டும் திரும்பாது.
தோள், இடுப்பு, செருப்பு எல்லாம் சேர்ந்து
துறைமுகத்துக் கிரேன்போலத் திரும்புவேன்.
நீ திரும்பினாலே
ஏதோ தப்புப் பண்ணிவிட்டாற்போல் இருக்கிறது
என்பாள் ஆபீசில் சுலக்ஷணா காம்ளே.
சில சமயம் பண்ணியும் இருப்பாள்.

எல்லா நாளும் இப்படிச் சிரிப்பதில்லை.
செருப்பு வாரை மாட்டக் குனிய முடியாமல்
கதவுக்கு உள்ளேயே நின்று
வேலைக்குப் போகாத நாளும் உண்டு.
அன்று யாரும் என்னிடம் யோகா என்று சொல்லக் கூடாது.

பிப்ரவரி ஞாயிறு, சிவ்ரி படகுத்துறை.
எண்ணெய்க் குழாய், துருவேறிய ஓடம், சேறு,
சேறு முழுக்கப் பூநாரைகள்.
கழுத்தைச் சுருட்டி, மடக்கி, தலைகீழாக்கித்
தின்றுகொண்டிருந்தன.
கொஞ்சம் பொறாமை.
இல்லை, நிறைய.
ஒரு படகு கிளம்பியதும் மொத்தக் கூட்டமும் எழும்பி
எங்கள் தலைக்கு மேலே.
பார் பார், மேலே பார் என்று எல்லோரும்.

என் ‘மேலே’
எதிர்க்கட்டிடத்தின் மூன்றாம் மாடியோடு முடிகிறது.

அருமைநாதன் கைப்பையை வாங்கிக்கொண்டார்.
முழங்கால், கை, முழங்கை,
காலையில் எழுகிற அதே வரிசையைப்
பின்னாலிருந்து முன்னாக ஓட்டி
வெறும் கான்கிரீட்டில் மல்லாந்து படுத்தேன்.
துப்பட்டாவை மடித்துத் தலைக்குக் கொடுத்தார்.
வேர்க்கடலைக்காரன் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தான்.
விழவில்லை பையா, பார்க்கிறேன்.

இளஞ்சிவப்பு வயிறுகள்.
இறக்கை விளிம்பில் இத்தனை கறுப்பு இருப்பது
நிற்கும்போது தெரியவில்லை.
பறக்கையில் ஒவ்வொன்றும்
கழுத்தை முன்னே நீட்டி வைத்திருந்தது,
குச்சிபோல,
துளியும் வளைக்காமல்.

எழுந்திருக்க நாலு நிமிடம் ஆனது.
அவனிடமே கடலை வாங்கினோம்,
இரண்டு பொட்டலம்.